முதல் உரிமையாளரிடமிருந்து ஒரு 1968 பொன்டியாக் ஜி.டி.ஓ.: தேடியதும் வாங்கியதும்

பழைய அமெரிக்க மசில் கார் வாங்கும் ஆசை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கியது 1968 பொன்டியாக் ஜி.டி.ஓ. புதிதாக ஷோரூமிலிருந்து எடுத்தவரிடமிருந்தே நேரடியாக வாங்கினேன். இடையில் வேறு கை இல்லை. நான் இருப்பது மிஷிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே. வண்டி பிறந்த பொன்டியாக் நகரம் இங்கிருந்து பக்கம்தான்.

ஜி.டி.ஓ. ஏன் என்று பலர் கேட்கிறார்கள். நடுத்தர அளவு உடலில் பெரிய இன்ஜினை வைத்து, நல்ல வேலையில் இருக்கும் இளைஞர் வாங்கக்கூடிய விலையில் விற்பது என்ற வழக்கம் 1964-இல் இந்த வண்டியோடுதான் சூடுபிடித்தது. நடுத்தர வண்டியில் பெரிய இன்ஜின் வைக்கக் கூடாது என்று பொன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அப்போது பொன்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டெலோரியனும் கூட்டாளிகளும் தனி மாடல் என்று சொல்லாமல், டெம்பஸ்ட் லெமான்ஸ் என்ற தங்கள் நடுத்தர வண்டிக்கு ஒரு கூடுதல் பேக்கேஜ் என்று பெயர் கொடுத்து 389 கன அங்குல இன்ஜினை உள்ளே கொண்டுவந்தார்கள். 1966-இல் அது தனி மாடலானது. 1968-இல் உடல் முழுவதும் மாறியது. முன்னால் பளபளக்கும் குரோம் பம்பர் போய், உடல் நிறத்திலேயே எண்டூரா என்ற ரப்பர் போன்ற மூக்கு வந்தது. இன்ஜின் 400 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.6 லிட்டர். சாதாரண ஜி.டி.ஓ.விலேயே 350 குதிரைத்திறன். ஹார்ட்டாப்பின் (கூரை நிலையாக இருக்கும், நடுத்தூண் இல்லாத உடல்) ஆரம்ப விலை 3,101 டாலர்.

அந்த ஒரு வருடத்தில் மட்டும் 87,684 ஜி.டி.ஓ.க்கள் விற்றன. அதனால் வண்டி அரிதானது அல்ல, இன்றும் தேடினால் கிடைக்கும். யாரும் கை வைக்காத வண்டிதான் அரிது. இந்த வண்டிகள் 70-களில் வெறும் பழைய கார்கள். சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு பந்தயம் விட்டு இன்ஜினை உடைத்தார்கள், வேறு இன்ஜின் மாட்டினார்கள், துருவுக்கு மேல் பட்டி பூசினார்கள், நிறத்தை மாற்றினார்கள். கை மாற மாற வண்டியின் அசல் சங்கதிகள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும். முதல் உரிமையாளரிடம் இருக்கும் வண்டியில் அந்தத் தடயம் அறுபடாமல் இருக்கும். பெயிண்டின் பளபளப்பைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

இப்படிப்பட்ட வண்டி பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை. வரும்போது வியாபாரி கைக்குப் போய் விலை ஏறியிருக்கும். அதனால் நான் செய்தது சொல்லி வைத்ததுதான். உதிரிபாகக் கடை கவுண்டரில் நிற்கும் பெரியவர், இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து கொடுக்கும் மெஷின் ஷாப், புல்வெட்டி ரிப்பேர் செய்பவர், சர்ச் வாசலில் பழக்கமானவர்கள் என்று எல்லோரிடமும் ஒரே வாக்கியம்: "60-களின் ஜி.டி.ஓ., முதல் ஓனர் வைத்திருப்பது, ஓடாவிட்டாலும் பரவாயில்லை." கடைசியில் தகவல் வந்தது புல்வெட்டிக்காரரிடமிருந்து. ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் பனி தள்ளும் மெஷினை எடுத்து வரப் போனவர், கராஜில் தார்ப்பாயின் கீழே பச்சை நிற மூக்கு ஒன்றைப் பார்த்திருக்கிறார். மூதாட்டியின் அனுமதியோடுதான் எனக்கு நம்பர் கொடுத்தார். அந்த அனுமதியை நான் பெரிதாக நினைக்கிறேன். கேட்காமல் கதவைத் தட்டியிருந்தால் பேச்சே தொடங்கியிருக்காது.

அந்த மூதாட்டி ஓய்வு பெற்ற நர்ஸ். 1968 வசந்தத்தில், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்தில் வாங்கிய வண்டி. சம்பளம் அவருடையது, கடனுக்குக் கையெழுத்து அப்பாவுடையது. கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனியாகக் கடன் கொடுக்க அன்றைய வங்கிகள் தயங்கின. கடன் வாங்குவதில் பெண்ணென்று பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் 1974-இல்தான் வந்தது. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. "தவணை எல்லாம் நான்தான் கட்டினேன், ரசீது எல்லாம் இருக்கு" என்று ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தார். கடன் பத்திரம், டீலர் பில், வாரண்டி புத்தகம், பிறகு ஒரு நீளமான கணக்கு நோட்டு. ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டபோதும் தேதி, மைல், கேலன். ஆயில் மாற்றினால் அதுவும்.

அந்த நோட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். இந்தக் கால வண்டிகளின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான். 61,000 என்று காட்டினால் அது 61,000-ஆ, ஒரு சுற்று சுற்றி வந்த 1,61,000-ஆ என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெடல் ரப்பர், சீட் ஓரம், கதவுக் கீல் தேய்மானம் இவற்றை வைத்து ஊகிக்கத்தான் முடியும். இங்கே ஊகமே தேவைப்படவில்லை. வரிசையாக மைல் ஏறி, 80-களின் நடுவில் நின்றுவிடுகிறது. ஏன் என்று கேட்டேன். வேலைக்குப் போக வேறு சின்ன வண்டி வாங்கிவிட்டாராம். அதற்கு முன்பும் பனிக்காலத்தில் இதை எடுத்ததில்லை, பனி உருகச் சாலையில் உப்பு போடுகிறார்களே, வண்டி துருப்பிடித்துவிடும் என்றார். மிஷிகன் வண்டி மிஞ்சியதற்குக் காரணம் இந்த ஒரு பழக்கம்தான்.

காகிதம் எவ்வளவு இருந்தாலும் வண்டியையும் கேட்க வேண்டும். அடுத்த முறை போனபோது டார்ச், மெலிந்த காந்தம், கண்ணாடி, கம்பி பிரஷ், ஜாக்கி ஸ்டாண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். இங்கே ஒரு வாகன உதிரிபாக கம்பெனியில் வேலை பார்க்கும் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவரும் கூட வந்தார்.

முதலில் வண்டி எண். 1968-லிருந்து அது டேஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே தெரியும் இடத்தில் இருக்கும். இந்த வண்டியில் 242378பி என்று தொடங்கி, பிறகு ஆறு இலக்கம். முதல் 2 பொன்டியாக், 42 ஜி.டி.ஓ., 37 ஹார்ட்டாப், 8 வருடம், பி என்றால் பொன்டியாக் நகரத் தொழிற்சாலை. இதில் பார்க்க வேண்டியது 242. லெமான்ஸ் என்றால் 237 என்று இருக்கும். சாதாரண லெமான்ஸுக்கு ஜி.டி.ஓ. பேட்ஜும் மூக்கும் மாட்டி விற்பது இந்தச் சந்தையில் சகஜம். 1966-லிருந்து 1971 வரைக்குமான வண்டிகளில் இந்த மூன்று இலக்கமே உண்மையைச் சொல்லிவிடும். 1964, 1965 வண்டிகளில் ஜி.டி.ஓ. வெறும் பேக்கேஜ் என்பதால் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது இன்ஜின். முன்பக்கம், பயணி உட்காரும் பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே பிளாக்கில் இரண்டு எழுத்துக் குறியீடு அடித்திருப்பார்கள். அழுக்கும் எண்ணெயும் கெட்டிப்பட்டுக் கிடந்தது. பிரேக் கிளீனர் அடித்து, பித்தளை பிரஷால் மெதுவாகத் தேய்த்தேன். இரும்பு பிரஷ் வேண்டாம், எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். டபிள்யூ டி (WT) என்று வந்தது. 350 குதிரைத்திறன், கையால் போடும் கியர். அவர் சொன்ன நான்கு கியர் ஹர்ஸ்ட் ஷிஃப்டரோடு பொருந்தியது. பிறகு டைமிங் கவர் பக்கத்தில் 28பி என்று தொடங்கும் எண். அதன் கடைசி ஆறு இலக்கமும் டேஷ்போர்டில் இருந்ததும் ஒன்றே. 1968-லிருந்துதான் பொன்டியாக் இன்ஜினில் வண்டி எண்ணை இப்படி அடிக்கத் தொடங்கினார்கள். 1967 வண்டி பார்ப்பவர்கள் இதைத் தேடி ஏமாற வேண்டாம்.

தேதிகளையும் ஒப்பிட்டேன். பிளாக்கின் பின்பக்கம், டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அருகே வார்த்த தேதி இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், வருடத்தின் கடைசி இலக்கம். இதில் சி 15 8, அதாவது 1968 மார்ச் 15. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் 04பி, ஏப்ரல் இரண்டாம் வாரம் உடல் தயாரானது. பிளாக் வார்த்த தேதி வண்டி கட்டிய தேதிக்குச் சில வாரம் முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் அது வேறு வண்டியின் இன்ஜின். அதே தகட்டில் பெயிண்டுக்கு க்யூ, வெர்டோரோ பச்சை. கண் முன்னால் நிற்பதும் அதே பச்சை.

பொன்டியாக் வாங்குபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. தொழிற்சாலைப் பதிவேடுகளை வைத்திருக்கும் பி.எச்.எஸ். (பொன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) நிறுவனத்துக்கு வண்டி எண்ணை அனுப்பிக் கட்டணம் கட்டினால், அந்த வண்டிக்கு எழுதிய பில்லின் நகல் வரும். ஃபோர்டுக்கு மார்ட்டி அறிக்கை இருப்பதுபோல. செவர்லேக்காரர்களுக்கு அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் இந்தப் பாக்கியம் இல்லை. அவர்கள் பெட்ரோல் டேங்கின் மேலே ஒட்டியிருக்கும் பழைய தயாரிப்புத் தாளைத் தேட வேண்டியதுதான். என் வண்டிக்கு வந்த நகலில் நான்கு கியர், மறைந்திருக்கும் ஹெட்லைட், பானட்டின் மேல் உட்காரும் டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்று வேகம் காட்டுவது), ஒரு பின் சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் சேஃப்-டி-டிராக் டிஃபரன்ஷியல் எல்லாம் வரிசையாக இருந்தன. நான்கும் வண்டியிலும் இருந்தன. பானட் டாக்கோமீட்டரின் கண்ணாடிக்கு உள்ளே மட்டும் ஈரம் ஏறிக் கலங்கிப்போயிருந்தது.

துரு பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. இந்த உடலில் பின் கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கும். அங்கிருந்து டிக்கிக்குள் ஒழுகி, டிக்கித் தரையைத் தின்னும். பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ் ஓரம், முன் ஃபெண்டரின் அடிப்பகுதி, கால் வைக்கும் தரை, இவையெல்லாம் வழக்கமான இடங்கள். ஆனால் பயப்பட வேண்டியது சேஸிஸுக்குத்தான். பின் ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும் பகுதியில் சேறு தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே கறுப்பு பெயிண்ட் அழகாக இருக்கும். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும், கணீரென்றால் சரி, மொத்தென்றால் இல்லை. அடியில் படுத்திருந்த தம்பி, "அண்ணே, சேஸிஸ் கெட்டியா இருக்கு, ஜிங்குனு கேக்குது" என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. டிக்கித் தரையில் மட்டும் உள்ளங்கை அளவு துரு ஓட்டை. பின் கண்ணாடியின் கீழே பெயிண்ட் கொப்பளித்திருந்தது.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுவதும் ஓட்டினேன். இடது பின்பக்கம் ஓரிடத்தில் பிடி விட்டது. அதற்கு முன்பே அவர் சொல்லியிருந்தார்: 1973-இல் மளிகைக் கடை வாசலில் ஒருவர் இடித்துவிட்டார், டிங்கரிங் பார்த்துப் பட்டி போட்டார்கள் என்று. கையால் காட்டிய இடமும் காந்தம் வழுக்கிய இடமும் ஒன்றாக இருந்தன. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் சந்தேகிக்கவில்லை. (எண்டூரா மூக்கில் காந்தம் ஒட்டாது, அது இயல்பு. அதைப் பார்த்துப் பட்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.)

விலைப் பேச்சு. ஏற்கெனவே ஒரு வியாபாரி வந்து, ஓடாத வண்டி என்று சொல்லி அடிமாட்டு விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார். மூதாட்டிக்கோ விலை தெரியாது. நான் ஹாகர்ட்டி விலை வழிகாட்டியைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அதில் வண்டிகளை ஒன்றிலிருந்து நான்கு வரை தரம் பிரித்திருப்பார்கள். ஒன்று கண்காட்சித் தரம், நான்கு ஏதோ ஓடும் நிலை. இந்த வண்டி இன்று நான்கு, ஆனால் காகிதங்களும் அசல் இன்ஜினும் இருப்பதால் மூன்றுக்கு அருகே கொடுப்பதுதான் நியாயம் என்று விளக்கினேன். சரிசெய்ய வேண்டியவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் காட்டினேன். தொகை அவருக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும். வயதானவரின் அறியாமையில் லாபம் பார்க்கும் பழக்கம் இந்தத் துறையில் நிறைய இருக்கிறது. அது திருட்டுதான், வேறு பெயர் கிடையாது.

அவர் கேட்டது ஒன்றுதான்: பிரித்து விற்கக் கூடாது. எழுதிக் கொடுக்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய வங்கியிலேயே காசோலை மாற்றினோம். பிறகு இருவருமாக வண்டிப் பதிவு நடக்கும் மாநிலச் செயலர் அலுவலகத்துக்குப் போய் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், கையெழுத்து. மிஷிகனில் விலையில் 6 சதவீதம் வரி. 25 வருடம் தாண்டிய வண்டி என்பதால் பழமை வண்டிக்கான நம்பர் பிளேட் கேட்டேன். கட்டணம் குறைவு, ஆனால் கண்காட்சி, கிளப் ஓட்டம், பழுது பார்த்து ஓட்டிப் பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வுட்வர்ட் சாலையில் பழைய வண்டிகள் ஊர்வலம் போகும் மாதமும் அதுதான்.

வண்டியைச் சாய்வுப் படுக்கை லாரியில் ஏற்றி வந்தேன். சக்கரங்கள் உருண்டன. பின் டிரம் ஒன்று மட்டும் பிடித்திருந்தது, ஓரத்தில் தட்டியதும் விட்டது.

இத்தனை வருடம் நின்ற இன்ஜினில் பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்புவதுதான் பெரிய ஆபத்து. பிளக் எட்டையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். கேமரா விட்டுப் பார்த்ததில் சுவரில் லேசான கறை மட்டும். பிறகு கிராங்க் போல்ட்டில் நீள ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றினேன், தடையில்லாமல் சுற்றியது.

இந்த இடத்தில் பொன்டியாக்குக்கென்றே உள்ள ஒரு சோதனை. அந்தக் காலத்தில் கேம் கியரின் (வால்வுகளைத் திறக்கும் தண்டைச் சுற்றும் கியர்) பற்களைச் சத்தம் குறைய நைலானில் வார்த்தார்கள். வயதானால் நைலான் நொறுங்கும். துண்டுகள் ஆயில் சம்ப்பில் விழுந்து பம்ப்பின் வலையை அடைக்கும், ஆயில் ஏறாமல் இன்ஜின் போய்விடும். கழற்றாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியை எடுத்துவிட்டு, கிராங்க்கை ஒரு பக்கம் திருப்பி ரோட்டர் அசையும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி, ரோட்டர் மறுபடி அசையும்வரை எத்தனை டிகிரி வெறுமனே போகிறது என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் 10 டிகிரிக்கு மேல் வெறும் ஆட்டம். கவரைத் திறந்தேன். மூன்று பற்கள் பாதி இல்லை. மற்றவை நகம் பட்டாலே பொரிந்தன. மவுண்ட் போல்ட்டுகளைத் தளர்த்தி இன்ஜினைக் கொஞ்சம் தூக்கி, சம்ப்பை இறக்கினேன். அடியில் கறுப்பு ஆயிலோடு மஞ்சள் பழுப்பு நிறத்தில் நைலான் சில்லுகள், பம்ப்பின் வலையில் ஒட்டியும் சில. ஸ்டார்ட் செய்திருந்தால் அவை எல்லாம் உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். முழுக்க இரும்பில் செய்த கியரும் புதுச் செயினும் மாட்டி, பம்ப்பையும் மாற்றினேன்.

பெட்ரோல் டேங்கில் இருந்தது வார்னிஷ் வாசத்தோடு கெட்டியான திரவம். டேங்கை இறக்கிக் கழுவினேன். ரப்பர் ஹோஸ்கள் அத்தனையும் மாற்றினேன், பழைய ரப்பர் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது. குவாட்ராஜெட் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, அடியில் பெட்ரோல் வடியாமல் காக்கும் அடைப்பான்களான வெல் பிளக்குகளை எபாக்ஸி வைத்து அடைத்தேன். இவை கசிந்தால் ராத்திரியில் பெட்ரோல் வடிந்து, காலையில் ஸ்டார்ட் ஆகாது. பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், மூன்று ஹோஸ், எல்லாம் புதிது. இதில் பழையதை வைத்துப் பார்ப்போம் என்ற யோசனைக்கே இடமில்லை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டிரில்லில் கம்பி மாட்டி ஆயில் பம்ப்பை இடஞ்சுழியாகச் சுற்றினேன். பொன்டியாக்கில் சுழற்சி அந்தப் பக்கம்தான். கேஜில் அழுத்தம் ஏறி, ராக்கர்களில் ஆயில் கசிவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு நிறுத்தினேன். கட்டாயம் ஜிங்க் அதிகமுள்ள ஆயில் ஊற்ற வேண்டும், இந்த வகை கேமுக்கு அது இல்லாவிட்டால் தேயும். டிஸ்ட்ரிப்யூட்டரைத் திரும்ப வைத்து, 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் வயர்களை மாட்டி, கேனிலிருந்து நேரடியாகப் பெட்ரோல் கொடுத்தேன். இரும்பு சைலன்சர் வழியாக முதலில் புகை, பிறகு அந்த ஆழமான அதிர்வு. வேகூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, 9 டிகிரியில் வைத்தேன், தொழிற்சாலை சொன்ன அளவு அதுதான். 10.75-க்கு 1 என்ற கம்ப்ரஷனுக்குப் பம்ப்பில் கிடைக்கும் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும்.

ஹெட்லைட் மூடிகள் வேகூமில் திறப்பவை. இடது பக்கம் உடனே திறக்கிறது, வலது பக்கம் சோம்பி எழுகிறது. எங்கோ ஒரு சின்ன ஹோஸ் உறிஞ்சுகிறது, தேடிக்கொண்டிருக்கிறேன். பெயிண்டைத் தொடவில்லை, தொடவும் மாட்டேன். கூரையில் வெளுத்திருக்கிறது, கதவோரம் பிரஷ் டச்சப் தெரிகிறது. புதுப் பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், 1968-இல் அடித்ததை ஒருமுறை சுரண்டினால் திரும்ப வராது. டிக்கித் தரையின் ஓட்டைக்கு மட்டும் தகடு வெட்டி வெல்டிங் செய்தாயிற்று. பின் கண்ணாடியை எடுத்து அடியில் துருவைப் பார்ப்பதும், கிராங்க்கின் பின்புறக் கயிறு சீலில் கசியும் ஆயிலை நிறுத்துவதும் பனிக்கால வேலைகள். கண்ணாடி அசல் என்பதால், அதைக் கழற்றப் பியானோ கம்பி வைத்து அறுப்பவரைத்தான் கூப்பிடப் போகிறேன்.